அரைப்பேர் போடும் கணினி

உடப்புசல்லாவையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டிலிருக்கும் அவர், பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் பழகி வருகிறாராம். தம் அம்மாயியின் தகரப்பெட்டியிலிருந்த பத்திரங்களையெல்லாம் படமெடுத்து அதில் சேமித்திருக்கிறார். குடியுரிமைப் பத்திரத்தின் நல்ல படத்துக்கு ‘அம்மாயி’ என்றும், மங்கலாக விழுந்த முதற் படத்துக்கு ‘அம்மாயி பழையது’ என்றும் பெயர் வைத்தார். பிறகு மங்கலானதை நீக்க எண்ணி, ‘ஆர்எம் அம்மாயி பழையது’ என்று கட்டளையிட்டார். நல்ல படம் மறைந்தது; மங்கலான படம் அப்படியே இருந்தது. “நான் சொன்னதற்கு நேர்மாறாக ஏன் செய்தது?” என்று கேட்கிறார்.

கணினி அவர் சொன்னதைத்தான் செய்தது. ஆனால் அவர் சொன்னது ஒரு பெயரை. அது கேட்டது இரண்டு பெயர்களை.

மலைநாட்டு வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவதை எண்ணிப் பாருங்கள். ஒரு பேரைச் சொல்லிச் சற்று நிறுத்தினால், அடுத்து வருவது இன்னோர் ஆளின் பேர். கட்டளை வரியைப் படிக்கும் ‘ஷெல்’ என்னும் நிரலும் அத்தகைய கணக்கப்பிள்ளைதான். இடைவெளி வந்தால் ஒரு பேர் முடிந்தது என்று அது கொள்ளும். ஆகவே ‘அம்மாயி’ என்ற கோப்பை அழித்தது. ‘பழையது’ என்றொரு கோப்பைத் தேடிக் காணாமல், அப்படி ஒன்றில்லை என்று முறையிட்டது. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அரைநாட் சம்பளம் போடுவதைத் தோட்டங்களில் ‘அரைப்பேர்’ என்பார்கள். இங்கே கணினியும் ஓர் அரைப்பேர் போட்டுவிட்டது.

ஆர்எம் என்பது யுனிக்ஸின் தொடக்க காலத்துக் கட்டளை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அம்முறைமையைத் தொடங்கியவர்கள், சுருங்கச் சொல்லி வேலை வாங்குவதையே விரும்பினார்கள். அக்கட்டளை “நிச்சயமா?” என்று கேட்பதில்லை, குப்பைக்கூடையில் போட்டு வைப்பதுமில்லை. எனவே பெயரைச் சரியாகச் சொல்லும் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது.

மருந்து எளியது. இடைவெளியுள்ள பெயரை மேற்கோட் குறிகளுக்குள் அடைத்துவிடுங்கள்: ஆர்எம் 'அம்மாயி பழையது'. அப்போது அது ஒரே பேர். அல்லது இடைவெளிக்கு முன் \ என்னும் பின்சாய்கோட்டை இடலாம். இன்னும் நல்லது, பெயரின் முதற் சில எழுத்துகளை அடித்து ‘டாப்’ விசையை அழுத்துவது. எஞ்சியதைக் கணினியே சரியாக நிரப்பிக்கொள்ளும். கட்டளையை அடுத்து -ஐ என்று சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் அழிக்குமுன் நம் சம்மதம் கேட்கும். பழகும் காலத்தில் அதை விட வேண்டாம்.

மேற்கோட் குறிக்கும் அடங்காத பெயர் ஒன்றுண்டு. சிலர் பட்டியலில் மேலே வரட்டும் என்று ‘-கடிதம்’ என்பது போலச் சிறு கோட்டுடன் பெயர் தொடங்குவார்கள். கட்டளைக்கோ, முன்னே கோடு வந்தால் அது பேரல்ல. தனக்கு இடப்படும் உத்தரவு. மேற்கோளுக்குள் அடைத்தாலும் அந்தக் கோடு அப்படியே அதனிடம் போய்ச் சேரும். இங்கே இரண்டு வழிகள் உண்டு. ‘ஆர்எம் -- -கடிதம்’ என்று எழுதினால், இரட்டைக் கோடானது “உத்தரவுகள் முடிந்தன, இனி வருபவை பேர்களே” என்று அறிவித்துவிடும். அல்லது ‘ஆர்எம் ./-கடிதம்’ என்று, இந்த அடைவிலுள்ள கோப்பு என முகவரியோடு சொல்லலாம். அப்போது பெயரின் முதலெழுத்தாகக் கோடு வராது.

நட்சத்திரக் குறியைப் பற்றி ஒரு சொல். * என்றால் ‘எல்லாம்’ என்று பொருள். ‘ஆர்எம் அம்மாயி*’ என்றால் அம்மாயி என்று தொடங்கும் கோப்புகள் போகும். இடையில் கைதவறி ஓர் இடைவெளி விழுந்து ‘ஆர்எம் அம்மாயி *’ என்றாகிவிட்டால், அந்த அடைவில் உள்ள கோப்புகளெல்லாம் போய்விடும். நட்சத்திரத்தோடு அழிக்கப் போகுமுன், ஆர்எம் என்பதற்குப் பதிலாக எல்எஸ் என்று போட்டு, எவையெவை அகப்படுகின்றன என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழருக்கே உரிய தொல்லைகளும் உண்டு. இலங்கையில் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தோம். அதில் ‘அம்மா’ என்று எழுத எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் விசைகளை அழுத்த வேண்டும். அங்கே அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. அந்தப் பழக்கத்தில் வைத்த கோப்புப் பெயர்கள் இன்றும் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்பது ஒரு கட்டளையின் முடிவு. ஆகவே மேற்கோள் இல்லாமல் அப்பெயரைக் கொடுத்தால், ‘அம’ என்ற கோப்பை அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை, ‘மா’ என்று மற்றொரு கட்டளை என அம்மாவை இரண்டாக வெட்டிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் வெட்டாது.

ஒருங்குறியிலும் ஒரு கண்ணிவெடி உண்டு. ‘கொட்டகலை’ என்பதன் முதலெழுத்தை இரு வகையாகப் பதியலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி நியமமும் இரண்டையும் சமமென்றே கூறுகிறது. ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறை பைட்டுகளையே ஒப்பிடும். ஆதலால் ஒரே அடைவில் இரண்டு ‘கொட்டகலை’ இருக்கலாம். நாம் அடித்ததை “இல்லை” என்றும் சொல்லலாம். நீளத்திலும் அப்படியே. ‘உடப்புசல்லாவை’ நமக்கு 8 எழுத்து. ஒருங்குறிக்கு 13 குறி. யூடிஎஃப்-8 முறையில் 39 பைட். ஒரு பெயருக்கு 255 பைட் என்னும் எல்லைக்குள் தமிழ்க் குறிகள் 85தான் கொள்ளும்.

எந்த வழியிலும் பிடிபடாத பெயருக்கு என்ன செய்வது? செக்ரோலில் ஆளுக்கொரு எண் இருப்பதுபோல, கோப்புக்கும் ஓர் எண் உண்டு. ‘எல்எஸ் -ஐ’ என்றால் பெயருக்கு முன் அவ்வெண் தெரியும். அது 4127 என்று வைத்துக்கொள்வோம். ‘ஃபைண்ட் . -ஐநம் 4127 -ஒகே எம்வி {} புதுப்பெயர் \;’ என்று கொடுத்தால், எண்ணைக் கொண்டு கோப்பைக் கண்டுபிடித்து, நம்மைக் கேட்டுப் பெயரை மாற்றும். இறுதியிலுள்ள அரைப்புள்ளியை ஷெல் விழுங்கிவிடாதிருக்கவே அதற்கு முன் பின்சாய்கோடு. புதுப்பெயரில் வேறொரு கோப்பு ஏற்கனவே இல்லை என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“இவ்வளவு தொல்லை எதற்கு? ஒன்று, இரண்டு என்று எண்ணையே பெயராக வைத்தால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். மலைநாட்டார் அப்படிக் கேட்பது அரிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமிட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இக்கதை நீண்டது. அக்காலமெல்லாம் ஒரு குடும்பம் எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானித்தவை பத்திரங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் தோட்டப் பதிவில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டு, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைந்த முதியோரை நாம் அறிவோம். அந்தப் பத்திரங்களின் படங்களுக்கு, ஆள் இன்னாரென்று தெரியும் பெயர் வேண்டும்.

ஆகவே மாணவிக்கு என் யோசனை இது. தமிழ்ப் பெயரை விடவேண்டாம். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இடுங்கள். ஆண்டை முன்னே வையுங்கள்: ‘2003_குடியுரிமை_அம்மாயி’. கோட்டிலோ புள்ளியிலோ பெயரைத் தொடங்காதீர்கள். புள்ளியில் தொடங்கும் கோப்பு சாதாரணப் பட்டியலில் தெரியாது. எந்தக் கட்டளைக்கும் முன்னால் அடைவு முழுவதற்கும் வேறொரு வட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அவர் கடிதத்தின் கடைசி வரி ஆறுதல் தந்தது. மூலப் பத்திரம் இன்னும் தகரப்பெட்டியில்தான் இருக்கிறதாம். மீண்டும் படமெடுங்கள், தங்கையே. இம்முறை அம்மாயிக்கு முழுப்பேர் போடுங்கள். பெட்டியையும் பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.