படத்தில் இல்லாத லாரி



பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கட்டை அடுக்கினால் அது திறமையா? இல்லை என்பேன் நான். பாகூர் ரோட்டில் வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி எந்தப் பெட்டியிலும் கிடையாது. அதை நாமதான் யோசிக்கணும்.

முதலில் சக்கரத்தை வைங்க. அதன் அளவுக்குத்தான் கேபினும் பாடியும். கொத்தனார் செங்கல் வைப்பதைப் பாருங்க. ஜாயின்ட் மேல ஜாயின்ட் வந்தா சுவர் நிக்காது. நம்ம லாரியும் அப்படித்தான்.

எட்டுக் குமிழ் லெகோ கட்டை, ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் 91 கோடி விதத்துக்கு மேல் இணைக்கலாமாம்! படத்தில் இருப்பதோ ஒரே விதம்.

கட்டை வாங்கக் காசில்லையா? தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வு ட்யூபிலும் மாடல் செய்யக் கற்றுத் தந்த அரவிந்த் குப்தா 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆசிரியர்களே, கண்காட்சியில் கடை மாடலுக்குப் பரிசு வேண்டாம். சொந்தமா யோசிச்சு செஞ்ச கோணல் லாரிக்குக் கொடுங்க!