மரத்தடியில் மண் இருக்கட்டும்



எங்கள் சந்தவாசலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்ன சிவன் கோயில். அதன் பிராகாரத்தில் இருந்த வன்னி மரத்தைப் போன மாதம் வெட்டிவிட்டார்கள். பட்டுப்போய்விட்டதாம். தறியை விட்டு எழுந்தவர்கள் சாயங்காலம் வந்து உட்காரும் நிழல் அது. என் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோதே பெரிய மரமாம்.

அது வயதாகிச் சாகவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் கும்பாபிஷேகத் திருப்பணியில் பிராகாரம் முழுக்க சிமெண்ட் போட்டு, அடிமரம் வரைக்கும் டைல்ஸ் ஒட்டினார்கள். மழைத்தண்ணீர் இறங்க வழியில்லை, வேருக்குக் காற்றில்லை. முதலில் உச்சிக்கிளை காய்ந்தது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம்.

வேரும் சுவாசிக்கும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அந்த டைல்ஸுக்கு ஆயிரம் ரூபாய் எழுதியவனும் நான்தான். அன்று வாய் திறக்கவில்லை.

திருவாலங்காடு, திருவேற்காடு, தில்லை என்று மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தவர்கள் நாம். நம் திருவண்ணாமலைக்கு மகிழம், காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மாமரம் தலவிருட்சம். கடம்பவனம் என்று பேர் பெற்ற மதுரையில், மீனாட்சி கோயிலில் பழைய கடம்பின் காய்ந்த அடிமரத்தைத்தான் இன்று கும்பிடுகிறோம். தில்லை மரம் பார்க்க சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போக வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் ஃபோர்டிங்கால் என்றொரு சிற்றூர். அங்கே தேவாலய வளாகத்தில் ஒரு யூ மரம் நிற்கிறது. வயது இரண்டாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். வருகிறவர்கள் ஞாபகத்துக்கென்று ஒடித்துக்கொண்டே போனதால் சுற்றிச் சுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள். ஆண் மரமான அதில் ஒரு கிளை 2015-ல் பழம் விட்டது! கிழ மரம்தானே என்று நாம் நினைப்பது எவ்வளவு தப்பு.

மண்ணாக விட்டால் சேறாகும், பிரதட்சிணம் வர முடியாது என்பார்கள். நம் பெரியவர்கள் கல் பாவினார்கள். இடுக்கு வழியே தண்ணீர் இறங்கியது. நடக்கிற பாதைக்குக் கல் போடுங்கள். மரத்தைச் சுற்றி மட்டும் மண்ணை விடுங்கள். இதற்குச் செலவு கூடாது, குறையும்.

இனி திருப்பணி ரசீதுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: "மரத்தடியில் மண் விடுவீர்களா?" ஆம் என்றால்தான் பணம். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள். என்னைப் போல் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு எழுதாதீர்கள்.