மாஜோங் காய்களும் மாறிய பெயர்களும்

ஒரு விளையாட்டைக் கற்பது அதன் விதிகளை மனனஞ் செய்வது மட்டுமன்று. அதன் சொற்களைக் கற்பதுமாகும். ஒரு சொல் நாடு விட்டு நாடு செல்லும்போது அதன் பொருளும் உடன் செல்கின்றதா என்று பார்ப்பது மொழி பயில்வோர் அனைவர்க்கும் கடன். இதற்குச் சீனரின் மாஜோங் விளையாட்டைக் காட்டிலும் தக்க சான்று யான் கண்டதில்லை.

நால்வர் அமர்ந்து ஆடும் இவ்விளையாட்டின் முழுத் தொகுதி 144 காய்களைக் கொண்டது. மூன்று இனங்கள்; ஒவ்வோரினத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு காய்கள்; ஆக 108. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்னும் காற்றுக்கள் 16. சிவப்பு, பச்சை, வெள்ளை என்னும் நிறக் காய்கள் 12. மலர்களும் பருவங்களும் 8. கையில் 13 காய்களை வைத்திருப்பவர், பதினான்காவதையும் பெற்று நான்கு கூட்டுக்களும் ஓர் இணையும் அமைப்பாராயின் வென்றவராவார்.

கற்கவேண்டிய சொற்களும் சிலவே. இடப்பக்கத்தவர் கழித்த காயை எடுத்து அடுத்தடுத்த மூன்று எண்களை நிரப்புபவர் ‘சீ’ என்பார். ‘உண்’ என்பது அதன் பொருள். எவர் கழித்த காயாயினும் அதனைக் கொண்டு ஒரே காய் மூன்றாகுமாயின் ‘பெங்’, நான்காகுமாயின் ‘காங்’. வெற்றிக்கு ‘ஹூ’.

இவை எளியன. இனங்களின் பெயர்களிலேதான் இடர்ப்பாடு உளது. மேனாட்டார் அவற்றை வட்டம், மூங்கில், எழுத்து என்பர். ஆயின், மிங் மன்னர் காலத்துச் சீட்டாட்டங்களில் வேர்கொண்ட இவ்வினங்கள் காசையும், காசுக் கோவையையும், பதினாயிரத்தையுமே குறித்தன. நடுவே துளையுள்ள காசுகளைக் கயிற்றிற் கோத்து வழங்குதல் சீனரின் பழைய மரபு. அக்கயிற்றையே மேனாட்டார் மூங்கில் எனக் கண்டனர். காசு, கோவை, பதினாயிரம் என்று சொல்லிக் கொடுத்தால் மாணவன் ஒருபோதும் மறவான். மூன்றும் ஒரே பணமரபின் படிகள் என்பது அவனுக்குத் தானே விளங்கும்.

நிறக் காய்களின் கதை இதனினும் விந்தையானது. மேனாட்டில் இவற்றுக்கு டிராகன் என்று பெயர். சிவப்புக் காயில் உள்ளது ‘நடு’ என்னும் பொருளுடைய எழுத்து. பச்சைக் காயில் உள்ளது செழித்தலைச் சுட்டும் எழுத்து. வெள்ளையோ வெறும் பலகை. இவற்றில் டிராகன் எங்கே? சீனம் என்றதும் டிராகனை எண்ணியோர் மனத்திலன்றி வேறெங்கும் இல்லை.

அமெரிக்கரான ஜோசப் பார்க் பாப்கொக் 1920இல் இவ்விளையாட்டின் விதிகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். ஏற்றுமதியான காய்களின் மூலைகளில் மேனாட்டு எண்களும் எழுத்துக்களும் பொறிக்கப்பட்டன. சீன எழுத்தறியாதார்க்கு அவை உதவியே; அதனை யான் குறைகூறேன். ஆனால் எண் வழிகாட்டுவது. தவறான பெயரோ வழியையே மாற்றிவிடுவது. 1920களில் அமெரிக்க இல்லங்கள்தோறும் மாஜோங் மோகம் பரவியபோது, சீனத் தொழிலாளர் அந்நாட்டிற் புகுவதை 1882ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்து நின்றது. அது நீக்கப்பட்டது 1943இலேயே. சீனரின் காய்கள் வரவேற்கப்பட்டன; சீனர் வரவேற்கப்படவில்லை. ஒரு மக்களின் சொற்களைக் கேளாமலே அவர்தம் ஆட்டத்தை ஆடியமையும், அம்மக்களையே புறத்தே நிறுத்தியமையும் ஒன்றற்கொன்று தொடர்பற்றவை என்று எனக்குத் தோன்றவில்லை.

பொழுதுபோக்குக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பாரும் உளர். பொழுதுபோக்கிற் பழகிய சொல்லே ஐயமின்றி மனத்திற் படிவது. பாடநூலிற் கண்ட பிழையை ஆசிரியர் திருத்துவார், விளையாட்டிற் கற்ற பிழையைத் திருத்துவார் யார்?

நமக்கு மாஜோங் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே வந்து சேர்கின்றது. ஆதலின், அதனைத் தமிழிற் கற்பிப்போர் மூங்கில் என்றும் டிராகன் என்றும் பிறர் பிழையை மீண்டும் பெயர்த்தல் வேண்டா. காசுக் கோவை என்க. நடு, செழிப்பு, வெண்பலகை என்க. உருவத்தைப் பார்த்துப் பெயரிடுதல் எளிது. உரியவரிடம் பொருளைக் கேட்டுப் பெயரிடுதலே மொழிபெயர்ப்பு.