வாரம் ஒரு மணி நேரம் போதும், தம்பி

நெல்லிவாசல்நாட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், நம்ம ஊருக்கு ஏதாவது செய்யணும். ஆனா கையில காசு இல்லையே?"

காசு யார் கேட்டார்கள் தம்பி? 1990களில் அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராக எழுத்தறிவித்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டப் படித்ததும் அந்த இயக்கத்தில்தான். கொரோனாவால் பிள்ளைகளின் படிப்பு விட்டுப்போனபோது, 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைதான். ஆனாலும் லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள்.

நம் மலையில் அப்பா அம்மா பிழைப்புக்கு வெளியூர் போக, பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் வாசிப்பதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டு, மூன்று பிள்ளைகளோடு தொடங்குங்கள். ஞாயிறு ஒரு மணி நேரம், ஊர்ப் பொதுத் திண்ணை, ஒரு கதைப் புத்தகம். போதும்.

ஒன்று மட்டும். இரண்டு வாரம் வந்து நின்றுவிடுவதாக இருந்தால் தொடங்காதீர்கள். காத்திருந்து ஏமாந்த பிள்ளை அடுத்து வருபவரையும் நம்பாது. நோட்டு கொடுத்துப் போட்டோ எடுப்பதை யாரும் செய்யலாம்; மறு வாரமும் வருவதுதான் தொண்டு.

உங்களுக்கு என்ன லாபம்? நாலு பேர் முன் கூச்சமில்லாமல் பேச வரும். சொன்ன நேரத்தில் நிற்கும் பழக்கம் வரும். நாளை வேலைக்குப் போகும்போது இரண்டும் உதவும்.

வருகிற ஞாயிறே தொடங்குங்கள். எப்படிப் போனது என்று எனக்கும் சொல்லுங்கள்.