தாமதமாக வந்தவள்

புற்றுநோய் மருத்துவமனைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘நோயாளி தாமதமாக வந்தார்.’ இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் கேட்கிறேன். வந்தவர் நோயாளிதான். தாமதம் செய்தவர் யார்?

என் சித்தியின் கையில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது ஓர் ஆடி மாதத்தில். வலி இல்லை. ஆவணியில் மகள் கல்யாணம். ஐப்பசியில் மாமியார் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானார். தையில் அறுவடை. மாசியில் தோல் புண்ணாகிச் சேலையில் கசிந்தபோதுதான் சித்தப்பா வண்டி பிடித்தார். “இத்தனை மாசம் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்று மருத்துவர் அதட்டினார். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வேளையும் சமைத்தாள், மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளினாள், களத்து ஆட்களுக்குச் சோறு கொண்டுபோனாள். அதை எந்தக் கோப்பிலும் யாரும் எழுதவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இருந்தாள்.

2022இல் இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,92,000 பேர். அதே ஆண்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. ஆரம்பத்தில் கண்டறிந்தால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய நோய் இது. மார்பை முழுவதும் எடுக்கவும் வேண்டியதில்லை. கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இருபது ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2002இல் உறுதிசெய்தன. ஆனால் கதிர்வீச்சுக்குப் பல வாரங்கள் தினமும் போக வேண்டும். கிராமத்துப் பெண் நகரத்தில் எங்கே தங்குவாள்? வீட்டில் உலை வைப்பது யார்? “எடுத்தே விடுங்க டாக்டர்” என்று கணவரே சொல்லிவிடுகிறார். அது அவளுடைய முடிவாகப் பதிவாகிறது.

விழிப்புணர்வு இல்லை என்கிறார்கள். அக்டோபர் வந்தால் கல்லூரிகளில் இளஞ்சிவப்பு நாடா குத்துகிறார்கள். என் சித்திக்குக் கட்டி இருப்பது தெரியும். ஒரு நாளை ஒதுக்கி மருத்துவமனைக்குப் போகும் உரிமைதான் அவளிடம் இல்லை.

மருத்துவத்தைப் பெண்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையில் சான்று இருக்கிறது. 1998இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 35 முதல் 64 வயதுவரையிலான ஒன்றரை லட்சம் பெண்களிடம் டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு நடத்தியது. அவர்களில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களில் அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேமோகிராம் இயந்திரம் அங்கே இல்லை. வீடு தேடி வந்த பெண்கள் இருந்தார்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே பெண்கள் எழுப்பியதுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் 12 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அதைவிட்டுப் போகவில்லை. முற்றிய கட்டியை மருந்தாலும் கதிர்வீச்சாலும் முதலில் சுருக்கிப் பிறகு அறுவை செய்யும் முறையில் அங்கே நெடிய அனுபவம் உண்டு. முற்றிய கட்டியோடு வந்த பெண்கள் அத்தனை பேர் என்பதே அதன் பொருள்.

அரசுக் காப்பீட்டு அட்டை அறுவைக்குப் பணம் தருகிறது. அவள் இழக்கும் கூலிக்கும் துணைக்கு வருபவரின் கூலிக்கும் தங்குமிடத்துக்கும் யார் தருவது? அதையும் சிகிச்சைச் செலவாகக் கணக்கிடுங்கள். கோப்பில் இன்னும் ஒரு கேள்வியைச் சேருங்கள்: ‘கட்டியை முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார்?’ அந்தப் பதில்கள் சேரட்டும். யார் தாமதமாக வந்தார்கள் என்பது அப்போது தெரியும்.