குளிருக்கு பாய்லர் மட்டுமா காரணம்? பழைய சென்ட்ரல் ஹீட்டிங்கை மொத்தமா மாத்தறதுக்கு முன்னாடி...

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் பழைய வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் குளிர்காலம் ஒரு பரீட்சை. ஹாலில் வியர்க்கும், குழந்தை தூங்கும் அறையில் பல் தந்தியடிக்கும். கேஸ் பில் எகிறும். "பாய்லர் பழசு, மொத்தமா மாத்திடுங்க" என்று யாராவது சொல்வார்கள். பல ஆயிரம் பவுண்ட் விஷயம் இது. பழுது எங்கே என்று பார்க்காமல் பணத்தைக் கொட்டுவது சரியல்ல.

பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும்; பம்ப் அதைத் தள்ளும்; ரேடியேட்டர்கள் அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைத் திருப்பி அனுப்பும். இதில் எது சொதப்பினாலும் அறை குளிரும்.

தொட்டுப் பார்த்தாலே தெரியும்

ரேடியேட்டர் மேலே சில்லென்று, கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து, ஆறியபின், சின்ன சாவியால் காற்றைத் திறந்துவிட்டால் போதும். காம்பி பாய்லர் என்றால் பிரஷர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கீழ்ப்பகுதி மட்டும் குளிர்ந்தால், துருவால் உண்டான கறுப்புச் சகதி. சிஸ்டத்தைக் கழுவி, துரு தடுக்கும் ரசாயனம் ஊற்றி, காந்த ஃபில்டர் மாட்டலாம். இதைச் செய்யாமல் புது பாய்லர் வைத்தால், அதே சகதி புதுசையும் அடைக்கும்.

பக்கத்து அறை கொதித்து, தூரத்து அறை குளிர்ந்தால், தண்ணீர் சமமாகப் பிரியவில்லை என்று அர்த்தம். வால்வுகளைச் சரிசெய்தாலே வித்தியாசம் தெரியும். தெர்மோஸ்டாட் வால்வுகள் மாட்டினால், ஆளில்லாத அறைக்குச் செலவு குறையும்.

சூட்டைக் குறைத்தால் லாபம்

இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் புது கேஸ் பாய்லர்கள் பெரும்பாலும் கண்டென்சிங் வகைதான். புகையோடு வெளியேறும் சூட்டையும் இவை பிடித்துக்கொள்ளும். ஆனால், ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். பாய்லரை 75, 80 டிகிரியில் ஓட்டினால் அந்த லாபம் போச்சு. காம்பி பாய்லரில் ஹீட்டிங்கை 60 டிகிரிக்குக் குறைத்துப் பார்க்கலாம். வெந்நீர் டாங்க் இருக்கும் வீடுகளில் மட்டும் கவனம்: லெஜியோனெல்லா கிருமி வளராமலிருக்க, டாங்க் தண்ணீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும்.

எப்போது மாற்றியே ஆகணும்?

உதிரி பாகம் கிடைக்கவில்லை, முக்கிய பாகமே வெடித்துவிட்டது என்றால் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் பாய்லரை அணைத்து, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும். கேஸ் வேலைக்கு 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர் மட்டுமே கைவைக்கலாம், இது சட்டம். வாடகை வீடு என்றால் ஹீட்டிங் ரிப்பேர் வீட்டு உரிமையாளர் பொறுப்பு.

படிப்படியாகச் செய்யும் செலவு வீணாகாது. நாளைக்கு ஹீட் பம்ப் வைத்தாலும் சகதியில்லாத குழாயும், குறைந்த சூட்டில் வேலை செய்யும் ரேடியேட்டரும்தான் அதற்குத் தேவை. முதலில் சாவியும் ஃபில்டரும், பாய்லர் கடைசியில்.