கம்பு கைக்கு வருமுன்



2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பமும் இடம்பெற்றதிலிருந்து, எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு வகுப்புகள். சந்தோஷம்தான். ஆனால் பெற்றோர்களே, பணம் கட்டுமுன் ஒரு மாலை நின்று பாருங்கள்.

என் ஆறு வயது மகளை முதலில் சேர்த்த இடத்தில், மூன்றாம் நாளே பெரியவர்கள் சுற்றும் கம்பைக் கொடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு வீங்கி வந்தாள். இரண்டே மாதத்தில் பெல்ட் டெஸ்ட், அதற்குத் தனிக் கட்டணம்.

இப்போதைய ஆசான் முதல் மாதம் முழுக்க மண் தரையில் காலடி மட்டுமே பழக்கினார். பிறகுதான் அவள் நெற்றியில் கை வைத்து அளந்து, அந்த உயரத்துக்குப் பிரம்பை அறுத்துக் கொடுத்தார். பெற்றோர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லித்தரும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

– ஒரு தாய், திண்டுக்கல்